அவளுக்கும் ஒரு செய்தி அனுப்புங்கள்!

சுந்தரபாண்டியபுரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சூரியகாந்திதான் நினைவுக்கு வரும்.

தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள ஊர் இது. குற்றாலத்தில் சாரல் விழும் ஆடி மாதத்தில், ஊரைச் சுற்றி உள்ள வயல்களில் மஞ்சள் பூ பூத்து நிற்கும். அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்கள் காரை நிறுத்தி இறங்குவார்கள். படம் எடுப்பார்கள். 1992-ல் வந்த "ரோஜா" படத்தின் சில காட்சிகளை இங்கே எடுத்தார்கள். அதன் பிறகு ஊரின் பெயர் எங்கும் பரவியது.

படம் எடுத்தவர்கள் போய்விடுவார்கள். ஊர்க்காரர்கள் ஊரில்தான் இருப்பார்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது. அதிலும், வாசலுக்கு வர நேரம் இல்லாத ஒருத்தியைப் பற்றியது.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள்.

வீட்டில் ஒரு மாமியார். வயது 78. பக்கவாதம் வந்து 2 ஆண்டு ஆகிறது. வலது கையும் காலும் வராது. பேச்சு குழறும். கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கிறார்.

மருமகளுக்கு வயது 50. காலை 4 மணிக்கு எழுந்திருக்கிறாள். மாமியாரின் துணியை மாற்றுகிறாள். உடம்பைத் துடைக்கிறாள். கஞ்சி காய்ச்சி, தலையைத் தூக்கிப் பிடித்து, கரண்டி கரண்டியாய் ஊட்டுகிறாள். அவசரப்பட்டால் புரை ஏறிவிடும். ஒரு டம்ளர் கஞ்சிக்கு முக்கால் மணி நேரம்.

பிறகு பீடித் தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கட்டில் ஓரத்திலேயே உட்காருகிறாள். தென்காசிப் பக்கத்தில் பெண்களுக்குத் தெரிந்த தொழில் அது. இலையை வெட்ட வேண்டும், தூளை வைத்துச் சுருட்ட வேண்டும், நூல் கட்ட வேண்டும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. நடுவில் எழுந்தால் கணக்கு குறையும்.

"ஏளா!" என்று கட்டிலில் இருந்து குரல் வரும். எழுந்திருக்காமல் முடியுமா?

2 மணிக்கு ஒரு தரம் மாமியாரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். பகலில் சரி. இரவிலும் புரட்டத்தானே வேண்டும்? இரவு 11 மணி, 1 மணி, 3 மணி. நாலு மணிக்குத்தான் அவள் எழுந்துவிடுகிறாளே!

மாலையில் செல்போன் அடிக்கிறது. சென்னையில் இருந்து கொழுந்தன்.

"மதினி, அம்மா எப்படி இருக்கா?"

"அத்தை நல்லா இருக்காவ."

"மாத்திரை கொடுத்தாச்சா?"

"கொடுத்தாச்சு."

"சரி மதினி, வைக்கிறேன்."

பேச்சு முடிந்தது. கொழுந்தன் நல்லவர்தான். மாதம் தவறாமல் பணமும் அனுப்புகிறார். ஆனால், "நீங்க எப்படி இருக்கீங்க மதினி?" என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. கெட்ட எண்ணம் இல்லை. தோன்றவில்லை, அவ்வளவுதான்!

இது கற்பனை வீடுதான். ஆனால் இதைப் படிக்கும்போது, உங்கள் தெருவில் ஒரு வீடு உங்கள் கண் முன் வந்திருக்கும்.

கணக்குச் சொல்கிறது

வீட்டில் நோயாளியைக் கவனிக்கும் வேலையை யாரும் வேலை என்று எண்ணுவது இல்லை. மத்திய அரசு எண்ணிப் பார்த்தது. மக்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தையும் எப்படிச் செலவிடுகிறார்கள் என்று 2024-ல் நாடு முழுவதும் கணக்கு எடுத்தார்கள். 15 வயது முதல் 59 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 41 பேர், வீட்டில் உள்ளவர்களைக் கவனிக்கும் வேலையில் இருந்தார்கள். ஆண்களில் 100-க்கு 21 பேர். அந்தப் பெண்கள் ஒரு நாளில் அதற்குக் கொடுத்த நேரம் சுமார் 140 நிமிடம். ஆண்கள் கொடுத்தது 74 நிமிடம்.

குழந்தை வளர்ப்பும் இதில் சேர்ந்ததுதான். படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்வதற்கு 140 நிமிடம் எந்த மூலைக்கு?

வெள்ளைக்கார நாட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? இங்கிலாந்தில் 1976-ல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. நோயாளியைக் கவனிப்பதற்காக வேலையை விட்டவர்களுக்கு அரசு பணம் கொடுக்கும் என்றார்கள். நல்ல சட்டம். ஆனால் மணமான பெண்களுக்கு மட்டும் கிடையாது! அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது காரணம்! ஜாக்குலின் டிரேக் என்ற மணமான பெண், தாயைக் கவனிப்பதற்காக வேலையை விட்டவர், வழக்குப் போட்டார். ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 1986-ல் அவர் ஜெயித்தார். அதற்கு 10 ஆண்டு ஆயிற்று.

நமக்குப் பக்கத்தில் பாருங்கள். செங்கோட்டையைத் தாண்டிப் புளியரை வழியே போனால் கேரளம். அங்கே "ஆஸ்வாசகிரணம்" என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். படுக்கையில் கிடப்பவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவருக்கு மாதம் 600 ரூபாய். பணம் சரியாக வருவது இல்லை, நிலுவை விழுகிறது என்ற குறை அங்கே உண்டு. தொகையும் சின்னது. ஆனாலும், "பார்த்துக்கொள்கிறவள் என்று ஒருத்தி இருக்கிறாள்" என்பதை ஓர் அரசாங்கம் ஒப்புக்கொண்டதே, அது பெரிய காரியம்.

தந்தி போய் மெசேஜ் வந்தது

பணத்தைப் பற்றித் தனியாக எழுதலாம். இன்று நான் கேட்பது அதைவிட மிகச் சின்னது. சில காசுகளில் முடியக்கூடியது. செல்போன் மெசேஜ்!

சிரிக்காதீர்கள். சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

ஒரு காலத்தில் கிராமத்தில் தந்தி வந்தால் போதும். உறையைப் பிரிக்கும் முன்னே பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். தந்தி என்றால் சாவுச் செய்தி என்றே எண்ணம். 2013 ஜூலை 14-ந் தேதியோடு இந்தியாவில் தந்தி நின்றது. அதன் வேலையைச் செல்போன் எடுத்துக்கொண்டது.

உலகத்தின் முதல் செல்போன் மெசேஜ் 1992 டிசம்பர் 3-ந் தேதி இங்கிலாந்தில் போனது. நீல் பாப்வொர்த் என்ற என்ஜினீயர் அனுப்பினார். கிறிஸ்துமஸ் வாழ்த்து. "ரோஜா" வந்த அதே ஆண்டுதான்.

மெசேஜுக்கு அளவு உண்டு. இங்கிலீஷில் 160 எழுத்து. இந்த 160 எப்படி வந்தது தெரியுமா? 1985-ல் ஜெர்மனியில், பான் நகரத்தில், ஹில்லெபிராண்ட் என்ற என்ஜினீயர் டைப்ரைட்டர் முன் உட்கார்ந்தார். மனதில் தோன்றிய வாக்கியங்களை அடித்து அடித்து, எழுத்துகளை எண்ணிப் பார்த்தார். சேதி சொல்ல 160 எழுத்து போதும் என்று முடிவு கட்டினார்.

போதும்தான். ஆனால் அது இங்கிலீஷுக்கு. தமிழுக்கு 70 மட்டுமே! தமிழ் எழுத்துக்குக் கம்ப்யூட்டரில் அதிக இடம் வேண்டும். அந்த 70-லும் ஒரு வேடிக்கை. பள்ளிக்கூடத்தில் "அம்மா" என்றால் 3 எழுத்து என்று படித்தோம். செல்போன் அதை 5 என்று எண்ணும். மேலே வைக்கும் புள்ளி ஒன்று, துணைக்கால் ஒன்று, எல்லாம் தனித்தனிக் கணக்கு! நீளமாக எழுதினால் ஒரு மெசேஜ் இரண்டாகும், மூன்றாகும், செலவும் அப்படியே. ஆயிரக்கணக்கான பேருக்கு அனுப்பும் அரசு அலுவலகம் இதைப் பார்க்கத்தான் செய்யும்.

ஆகவே சுருக்கமாக எழுத வேண்டும். நம் பாட்டிமார்கள் ஒரு கார்டில் ஊர்ச் சேதி முழுவதையும் அடக்கவில்லையா? நமக்கு வராதா?

சென்னையில் நடந்தது

மெசேஜினால் உடம்புக்கு நன்மை உண்டா? உண்டு என்று சென்னையில் கண்டார்கள்.

டாக்டர் அ. ராமச்சந்திரன் நீரிழிவு சிகிச்சையில் பேர்பெற்றவர். அவரும் கூட்டாளிகளும் 537 ஆண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாரும் 35 வயதில் இருந்து 55 வயதுக்குள் உள்ளவர்கள். வேலைக்குப் போகிறவர்கள். ரத்தத்தில் சர்க்கரை சற்றுக் கூடி, நீரிழிவின் வாசற்படியில் நின்றவர்கள். எல்லாருக்கும் சாப்பாடு, உடற்பயிற்சி பற்றி யோசனை சொன்னார்கள். பாதிப் பேருக்கு மட்டும் அதன் பிறகு செல்போனில் அடிக்கடி மெசேஜ் அனுப்பினார்கள்.

2 ஆண்டு கழித்துப் பார்த்தார்கள். மெசேஜ் போகாதவர்களில் 100-க்கு 27 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. மெசேஜ் போனவர்களில் 100-க்கு 18 பேருக்குத்தான் வந்தது. 2013-ல் இந்த முடிவு ஒரு பெரிய மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது.

இது நீரிழிவுக்கு. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் மருமகளுக்கு இதே கணக்கு அப்படியே பலிக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால், "மெசேஜா? யார் படிக்கப் போகிறார்கள்?" என்று தள்ளிவிட முடியாது.

அமெரிக்காவில் நடந்த இன்னொன்று என் மனதை விட்டுப் போகவில்லை.

சான் பிரான்சிஸ்கோ நகரில் ஜெரோம் மோட்டோ என்று ஒரு மனநல டாக்டர் இருந்தார். மனம் உடைந்து, உயிரை வெறுத்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் 843 பேர், வீட்டுக்குப் போன பிறகு சிகிச்சையைத் தொடர மறுத்தார்கள். 1969-ல் தொடங்கி, அவர்களில் பாதிப் பேருக்கு டாக்டர் கடிதம் அனுப்பச் செய்தார். இரண்டு, மூன்று வரிதான். நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறோம், எங்களுக்கு எழுத விரும்பினால் எழுதுங்கள் என்கிற கருத்து. "மருந்து சாப்பிட்டாயா? ஏன் வரவில்லை?" என்ற கேள்வி ஒன்றும் கிடையாது. முதலில் மாதம் ஒரு கடிதம். பிறகு இடைவெளி விட்டு. 5 ஆண்டில் மொத்தம் 24 கடிதம்.

கடிதம் போனவர்களில், உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் குறைவு. முதல் 2 ஆண்டில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது.

கடிதத்தில் மருந்து இல்லை, பணம் இல்லை. உன்னை ஒருவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்ற சேதி மட்டும் இருந்தது.

ஆய்க்குடியில் பாருங்கள்

சுந்தரபாண்டியபுரத்துக்குப் பக்கத்திலேயே ஆய்க்குடி இருக்கிறது. அங்கே உள்ள "அமர் சேவா சங்கம்" பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

அதைத் தொடங்கியவர் எஸ். ராமகிருஷ்ணன். 1975-ல் அவர் என்ஜினீயரிங் மாணவர். கடற்படை அதிகாரி ஆக வேண்டும் என்று ஆசை. தேர்வுக்குப் போன இடத்தில் கீழே விழுந்தார். கழுத்துக்குக் கீழே உடம்பு அசையாமல் போய்விட்டது. வேறு ஒருவராக இருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும். அவர் 1981-ல் சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சை செய்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாகல் என்பவரின் பெயரை அதற்கு வைத்தார். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

கட்டிலில் படுத்தவரின் கதையை நாம் எழுதுகிறோம். அவரைத் தூக்கி உட்கார வைத்தவர்கள், சோறு ஊட்டியவர்கள் கதையை யார் எழுதுகிறார்கள்? பத்திரிகைக்காரனாகிய என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

அந்தச் சங்கம் பிற்காலத்தில் ஒரு காரியம் செய்தது. வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் வீடுகளுக்குக் கிராமத்துப் பெண் ஊழியர்களை அனுப்பியது. கையில் செல்போன். அதில் இதற்கென்றே செய்த ஒரு "ஆப்". குழந்தை தலை நிமிர்த்துகிறதா, உட்காருகிறதா என்று ஊழியர் குறிப்பார். தொலைவில் இருக்கும் நிபுணர் அதைப் பார்த்து, அடுத்து என்ன பயிற்சி என்று சொல்வார். இதில் எனக்குப் பிடித்தது, குழந்தையின் முன்னேற்றத்தோடு நிறுத்தாமல், குழந்தையை வளர்க்கும் தாயின் பாரம் எவ்வளவு என்பதையும் கேட்டுக் குறித்தார்கள்.

நம் மாவட்டத்திலேயே இதற்கு வழி தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். அமெரிக்காவுக்குப் போய்க் கற்றுக்கொண்டு வர வேண்டியது இல்லை!

யார் அனுப்புவது?

தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5-ந் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தைத் தொடங்கியது. ரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்களுக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தார்கள். படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்க நர்சும், கை கால் பயிற்சி கொடுப்பவரும் வீட்டுக்கே போனார்கள்.

அப்படியானால், எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் சுகாதாரத் துறையிடம் இருக்கிறது. நோயாளியின் பெயர் இருக்கிறது. வயது இருக்கிறது. நோய் இருக்கிறது. அந்த வரிசையில் இன்னும் ஒரு கட்டம் போட வேண்டும். "பார்த்துக்கொள்பவர் யார்? அவர் செல்போன் எண் என்ன?"

அந்த எண்ணுக்கு வாரம் இரண்டு மெசேஜ் போகட்டும்.

எப்படிப்பட்ட மெசேஜ்? இதில்தான் கவனம் வேண்டும். "எப்போதும் சிரித்த முகத்தோடு இருங்கள்", "பொறுமை கடலினும் பெரிது" என்றெல்லாம் அனுப்பினால், அவள் செல்போனைத் தூக்கி அடுப்பில் போடுவாள். நியாயம்தான்! இரவு முழுவதும் கண் விழித்தவளுக்குச் சிரிக்கச் சொல்லிக் கொடுக்க நாம் யார்? ஏற்கெனவே காலை வணக்கம் சொல்லி ரோஜாப் பூப் படம் அனுப்புகிற சொந்தக்காரர்கள் எல்லார் செல்போனிலும் பத்துப் பேர் இருக்கிறார்கள்.

நான் ஒன்று எழுதிப் பார்த்தேன்.

"அக்கா, நேற்று இரவு தூங்கினீர்களா? இல்லை என்றால் 1 அனுப்புங்கள்."

செல்போன் கணக்கில் 63 எழுத்து. 70-க்குள் அடங்குகிறது.

அவள் 1 என்று அனுப்பினால் என்ன நடக்கும்? அங்கேதான் இந்தக் காரியத்தின் உயிர் இருக்கிறது. மறுநாள் நர்சு அவளைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். "என்னக்கா, என்ன ஆச்சு?" என்று கேட்க வேண்டும். நோயாளி இரவில் கத்துகிறாரா, வலியா, மாத்திரையின் நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்ல வேண்டும். பதிலுக்கு ஆள் இல்லாமல் கேள்வி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், அது கேலி. அதைவிடச் சும்மா இருப்பது மேல்.

யோசனையும் சொல்லலாம். சின்னச் சின்ன யோசனை. சோறு ஊட்டும்போது தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வை. புரட்டும்போது குனிந்து இழுக்காதே, முழங்காலை மடக்கு, உன் இடுப்புப் போய்விடும். நீ உன் ரத்த அழுத்தத்தைப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று? இப்படி.

படிக்கத் தெரியாதவளுக்கு என்ன செய்வது? குரலாகவே அனுப்பலாம். மத்திய அரசின் "கில்காரி" திட்டம் அப்படிப்பட்டதுதான். 2016 ஜனவரியில் நாட்டுக்கு என்று தொடங்கினார்கள். கர்ப்பிணிக்கு 4-வது மாதம் முதல், குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரை, வாரம் ஒரு தரம் செல்போன் அடிக்கும். எடுத்தால், குழந்தையை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று குரல் சொல்லும். மொத்தம் 72 சேதி. பிறக்கும் குழந்தைக்கு இப்படிச் செய்ய முடிந்தது. படுத்துவிட்ட கிழவிக்கும், அவளைப் பார்க்கிறவளுக்கும் செய்ய முடியாதா?

புதிதாகப் படிக்கக் கற்றவர்களுக்கு மெசேஜ் இன்னும் நல்லது. குரல் ஒரு தரம் சொல்லிவிட்டுப் போய்விடும். எழுத்து அப்படியே நிற்கும். நிதானமாக எழுத்துக் கூட்டி இரண்டாம் தரம் படிக்கலாம். மனதுக்குப் பிடித்தால் அழிக்காமல் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு பயம்

ஒன்று, மோசடி. தெரியாத எண்ணில் இருந்து மெசேஜ் வந்தால் இன்று எல்லாருக்கும் பயம். பயப்படத்தான் வேண்டும். ஆகவே, முதலில் நர்சு வீட்டுக்கு வந்து, நேரில் முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்தப் பெயரில் இருந்துதான் மெசேஜ் வரும் என்று செல்போனில் காட்ட வேண்டும். அந்த மெசேஜ் ஆதார் எண் கேட்கக் கூடாது. ஓ.டி.பி. கேட்கக் கூடாது. தொடச் சொல்லி நீல எழுத்து எதுவும் இருக்கக் கூடாது. அப்படி ஏதாவது வந்தால், அது அரசு மெசேஜ் அல்ல என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

இன்னொன்று, செல்போன் யார் கையில் என்பது. பல வீடுகளில் ஒரே செல்போன். பகலில் அது மகனோடு வேலைக்குப் போய்விடும். மாலையில் பேரன் கையில் விளையாட்டு. "உங்கள் மனம் சோர்ந்து இருக்கிறதா?" என்று வந்த மெசேஜை மகன் முதலில் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஊரெல்லாம் போய் அழுதியா?" என்று கேட்டால், அவள் அடுத்த முறை 1 அனுப்ப மாட்டாள். ஆகவே, எந்த நேரத்தில் செல்போன் உங்கள் கையில் இருக்கும் என்று அவளையே கேட்டுக்கொள்ள வேண்டும். பீடிக் கடையில் கணக்குக் கொடுத்துவிட்டு வந்து, இரவுச் சமையலைத் தொடங்கும் முன் ஒரு கால் மணி நேரம் கிடைக்கலாம். அந்த நேரம் ஊருக்கு ஊர் மாறும், வீட்டுக்கு வீடு மாறும். சென்னையில் இருந்துகொண்டு எல்லாருக்கும் காலை 10 மணி என்று வைத்தால் நடக்காது.

"கடமைக்கு மெசேஜா?"

பெரியவர்கள் சிலர் கேட்பார்கள்: "பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வது கடமை. நாங்கள் எல்லாம் பார்க்கவில்லையா? எங்களுக்கு யார் மெசேஜ் அனுப்பினார்கள்?"

கடமைதான். யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் 4 மருமகள் இருந்தார்கள். ஒருத்தி புரட்டினால் ஒருத்தி கஞ்சி வைப்பாள். ஒருத்தி அழுதால் ஒருத்தி திட்டுவாள், அதிலும் ஓர் ஆறுதல் உண்டு. பக்கவாதம் வந்தவர் பல மாதம், பல ஆண்டு உயிரோடு இருப்பதும் அப்போது குறைவு. இன்று மருத்துவம் ஆளைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்புகிறது. வீட்டில் இருப்பதோ ஒரே மருமகள். மற்றவர்கள் சென்னை, திருப்பூர், துபாய்.

கடமையைச் செய்கிறவளைப் பார்த்து, "சாப்பிட்டாயா?" என்று கேட்பதால் கடமை குறைந்துபோகாது.

மெசேஜ் வந்து மாமியாரைப் புரட்டிப் போடாது என்பதும் எனக்குத் தெரியும். மெசேஜ் அனுப்பிவிட்டோம், எங்கள் வேலை முடிந்தது என்று அரசாங்கம் நர்சுகளைக் குறைத்தால், அந்தத் திட்டத்தை எதிர்த்து முதலில் எழுதுகிறவன் நானாக இருப்பேன்.

கொழுந்தனாருக்கு ஒரு வார்த்தை

அரசாங்கம் செய்யும்போது செய்யட்டும். நீங்கள் இன்றைக்கே செய்யலாமே!

வெளியூரில் இருக்கும் அண்ணன், தம்பி, மகள், மகன் எல்லாருக்கும் சொல்கிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. ஊருக்குப் போன் செய்வீர்கள். அம்மாவைப் பற்றிக் கேட்டு முடித்ததும் போனை வைத்துவிடாதீர்கள். "மதினி, உங்க இடுப்பு வலி எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். முதல் தரம் அவர் "அதெல்லாம் ஒண்ணும் இல்லை" என்றுதான் சொல்வார். பழக்கம் இல்லை பாருங்கள்! மூன்றாம் தரம் உண்மையைச் சொல்வார். சொல்லும்போது குறுக்கே பேசி யோசனை சொல்லாதீர்கள். நீங்கள் அங்கே இல்லை. எந்த மாத்திரையை எப்போது கொடுத்தால் வாந்தி வரும் என்பது அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது.

"ஏதாவது உதவி வேண்டுமானால் சொல்லுங்க" என்றும் மெசேஜ் போடாதீர்கள். என்ன உதவி வேண்டும் என்று யோசிப்பதும் அவர் தலையில்தான் விழும். உதவியை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

உதாரணத்துக்கு:

"மதினி, 10-ந் தேதி பொதிகையில் டிக்கெட் எடுத்துவிட்டேன். 4 நாள் நான் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். நீங்க மகள் வீட்டுக்குப் போய்ப் பேரனைப் பார்த்துவிட்டு வாங்க."

அந்த 4 நாளில், இரவு 3 மணிக்கு எழுந்து நீங்களே அம்மாவைப் புரட்டிப் படுக்க வைப்பீர்கள். அதற்குப் பிறகு, மதினி எப்படி இருக்கிறார் என்று கேட்க உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியது இருக்காது.

இதைப் படிக்கும் பெண்களில், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து படிப்பவர்களும் இருப்பீர்கள். உங்களுக்கு ஒரு எண். 14416. "டெலி மானஸ்" என்று பெயர். 2022 அக்டோபர் 10-ந் தேதி மத்திய அரசு தொடங்கியது. மனம் தாங்கவில்லை, தூக்கம் இல்லை, அழுகை வருகிறது, சாகலாம் போல இருக்கிறது என்றால் கூப்பிடலாம். காசு கிடையாது. இரவு, பகல் எந்த நேரமும் எடுப்பார்கள். தமிழிலேயே பேசலாம். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர் கூப்பிடலாமா என்று தயங்க வேண்டாம். கூப்பிடலாம். பேனா கையில் இல்லாவிட்டால், பீடிக் கட்டு அட்டையில் கரித்துண்டாலாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 14416.